அகச் சூழல் கண்ட அறிஞர் கிளாட் பெர்னார்

இந்நாளில் நம் காலனியில் இருவர் சந்தித்தால், ஊர்ச் செய்திக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது இரத்தத்திலுள்ள சர்க்கரையின் அளவாகவே இருக்கின்றது. உண்பதற்கு முன் எவ்வளவு, உண்டு இரண்டு மணி நேரம் கழிந்தபின் எவ்வளவு என்று கணக்குப் பார்க்காத வீடு அரிதாகிவிட்டது. மருத்துவமனைச் சீட்டில் அச்சிட்டு வரும் அந்த எண்ணைக் கண்டு மகிழ்வோரும் உளர். மனம் தளர்வோரும் உளர். ஆயின் இரத்தத்திலே சர்க்கரை ஏன் இருக்கின்றது, நாம் பட்டினி கிடக்கும்போதும் அது ஏன் தீர்ந்து போவதில்லை, அதனை ஓர் அளவில் நிறுத்தி வைப்பது எது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்து, உடலைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியமைத்தவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார். அவருடைய வரலாற்றை நம் சங்கத்து ஆண்டு மலரில் சுருக்கமாகக் கூற முற்படுகின்றேன். அவ்வரலாற்றில் பெருவெற்றி உண்டு. அவ்வெற்றிக்குக் கொடுக்கப்பட்ட விலையும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொல்லுவதே முறையாகும்.

திராட்சைத் தோட்டத்துப் பிள்ளை

பிரெஞ்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே, திராட்சைக்குப் பெயர்பெற்ற பொழோலே என்னும் பகுதியில், சேன் ஜூலியான் என்றொரு சிற்றூர் இருக்கின்றது. அவ்வூரில் 1813-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் கிளாட் பெர்னார் பிறந்தார். தந்தையார் திராட்சை பயிரிடுபவர். வீட்டில் செல்வம் இல்லை. ஊர்ப் பாதிரியார் சிறுவனுக்கு இலத்தீன் கற்பித்தார். பின்னர் அருகிலிருந்த ஊர்களின் பள்ளிகளில் சில ஆண்டுகள் பயின்றார். படிப்பில் சிறந்தவர் என்று ஆசிரியர் எவரும் அவரைக் குறித்து வைக்கவில்லை.

பதினெட்டாம் வயதில், 1832-இல், லியோன் நகரை ஒட்டிய ஒரு மருந்துக் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். புட்டிகளைக் கழுவுதலும், பொட்டலம் கட்டுதலும், அருகிலிருந்த கால்நடை மருத்துவப் பள்ளிக்கு மருந்து கொண்டுபோய்க் கொடுத்தலும் அவருடைய வேலைகள். அக்கடையில் எல்லா நோய்க்கும் ஏற்றதென்று விற்கப்பட்ட ஒரு லேகியம் இருந்தது. கெட்டுப்போன மருந்துகளையும், மிஞ்சிய மருந்துகளையும் வீணாக்காமல் அந்தச் சாடியிலே போட்டுவிடும்படி முதலாளி சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் அதன் சேர்க்கை வேறுபட்டது. ஆயினும் மக்கள் அதனை விரும்பி வாங்கிச் சென்றனர். மருத்துவம் என்பது எவ்வளவு குருட்டு நம்பிக்கையின் மேல் நின்றிருந்தது என்பதை அந்தச் சாடி இளைஞருக்கு உணர்த்தியிருக்க வேண்டும்.

அவருடைய மனமோ நாடகத்தின்மேல் சென்றது. மாலை வேளைகளில் கொட்டகைக்குப் போவார். சிறு நாடகம் ஒன்றை எழுதினார். அது லியோனில் நடிக்கப்பெற்றுக் கொஞ்சம் பணமும் ஈட்டித் தந்தது. ஊக்கம் பெற்ற இளைஞர் ஐந்து அங்கம் கொண்ட சோக நாடகம் ஒன்றை எழுதி முடித்து, மருந்துக் கடையை விட்டு நீங்கி, கையெழுத்துப் பிரதியுடன் 1834-இல் பாரிஸ் நகரம் சேர்ந்தார். அங்கே புகழ்பெற்ற இலக்கியப் பேராசிரியராகவும் விமரிசகராகவும் விளங்கிய சேன் மார்க் ஜிரார்தான் என்பவரிடம் அதனைக் காட்டினார். பேராசிரியர் அதனைப் படித்துப் பார்த்தார். மருந்துக் கடையில் பழகியவராயிற்றே, மருத்துவம் கற்றுப் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டு, ஓய்வு நேரத்தில் எழுதலாமே என்று அறிவுரை கூறினார். பலருக்கு இத்தகைய சொல் மனமுறிவைத் தரும். பெர்னார் அதனை ஏற்றுக்கொண்டார். அந்த ஒரு நாளில் நாடக உலகம் இழந்தது சிறிது. மருத்துவ உலகம் பெற்றது பெரிது.

இருபத்தாறாம் இடம்

பாரிஸ் மருத்துவக் கல்லூரியில் பெர்னார் வறுமையோடு பயின்றார். வகுப்பில் அமைதியாக இருப்பார். அவரை மந்தமானவர் என்றே சிலர் எண்ணினர். மருத்துவமனைகளில் பயிற்சி மருத்துவராவதற்குரிய தேர்வை 1839-இல் எழுதினார். தேர்ந்தவர் 29 பேர். அவருக்குக் கிடைத்தது 26-ஆம் இடம். நம் வீட்டுப் பிள்ளைகள் மதிப்பெண் குறைந்து வந்து நிற்கும்போது பெற்றோர் இவ்வெண்ணை நினைவிற் கொள்ளுதல் நன்று.

அப்பயிற்சியின்போது அவர் பிரான்சுவா மஜாந்தி என்னும் பேராசிரியரிடம் பணிசெய்ய நேர்ந்தது. மஜாந்தி கடுமையானவர், முன்னோர் சொன்னார் என்பதற்காக எதனையும் நம்பாதவர், கண்ணால் கண்டதை மட்டுமே ஒப்புக்கொள்பவர். தேர்வுத் தாளில் வெளிப்படாத ஒரு திறமை, அறுவைக் கத்தியைப் பிடித்த பெர்னாரின் கையில் இருப்பதை அவர் கண்டுகொண்டார். 1841-இல் கொலேழ் த பிரான்ஸ் என்னும் கல்வி நிலையத்தில் தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். ஆசிரியரிடமிருந்து பெர்னார் ஐயுறுதலைக் கற்றார். அத்தோடு, ஒரு கருத்தை முதலில் ஊகித்து, அது பொய்யாகுமாறு சோதித்து, அதற்கும் தப்பி நின்றால் மட்டும் ஏற்றுக்கொள்ளுதல் என்னும் முறையைத் தாமே சேர்த்துக்கொண்டார்.

1843-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஆசிரியப் பதவிக்குரிய தேர்வில் தோல்வியுற்றார். சொந்த ஊருக்குத் திரும்பிப் பிழைப்புக்காக வைத்தியம் பார்க்கலாமா என்று எண்ணும் நிலை வந்தது. அப்போது நண்பர் ஒருவர் முன்னின்று ஒரு திருமணத்தை ஏற்பாடு செய்தார். 1845-இல், பாரிஸ் மருத்துவர் ஒருவரின் மகளான ஃபானி மார்தான் என்பவரை மணந்தார். மணமகள் கொண்டுவந்த சீர்ப்பணம் அவருடைய ஆராய்ச்சிக்கு உயிர் கொடுத்தது. இந்தத் திருமணத்தைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கின்றது.

அவருக்குக் கிடைத்த ஆராய்ச்சிக் கூடம் ஈரம் கசியும் இருண்ட நிலவறை போன்றது. பிற்காலத்தில் அவரை வாட்டிய நோய்களுக்கு அந்த இடமே காரணம் என்று கருதுவோர் உண்டு. அக்காலத்தில் விலங்குகளை வைத்து ஆராய்வோர்மீது ஊரார்க்கு வெறுப்பு மிகுதி. ஒருமுறை, இரைப்பையில் வெள்ளிக் குழாய் பொருத்தப்பட்டிருந்த நாய் ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது. அந்த நாய் அப்பகுதிப் போலீஸ் அதிகாரியின் சொந்த நாய் என்பது பின்னரே தெரியவந்தது. பெர்னாரை அழைத்துவரச் செய்தார் அதிகாரி. பெர்னார் நடந்ததைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்டு, குழாயை நீக்கி, நாயை நலமாகத் திருப்பி அளித்தார். அவ்வதிகாரி பின்னர் அவருக்கு நண்பரானார்.

முயல் காட்டிய வழி

ஒரு நாள் சந்தையிலிருந்து சில முயல்களை வாங்கி வந்து மேசைமேல் விட்டனர். அவற்றின் சிறுநீர் தெளிவாகவும் புளிப்புத் தன்மை உடையதாகவும் இருந்ததைப் பெர்னார் கண்டார். புல் தின்னும் விலங்கின் சிறுநீர் கலங்கலாகவும் காரத்தன்மை உடையதாகவும் இருக்கும்; ஊன் உண்ணும் விலங்கின் சிறுநீரே தெளிவாகவும் புளிப்பாகவும் இருக்கும். இதனைக் கண்ட பலர் மேசையைத் துடைத்துவிட்டுப் போயிருப்பர். பெர்னாரோ நின்று சிந்தித்தார். சந்தையில் இம்முயல்கள் பட்டினி கிடந்திருக்க வேண்டும். உணவு இன்மையால் தம் உடலின் ஊனையே உண்டு வாழ்கின்றன போலும் என்று ஊகித்தார். புல் கொடுத்தார், சிறுநீர் கலங்கிற்று. மீண்டும் பட்டினி போட்டார், தெளிந்தது. வேகவைத்த இறைச்சியைக் கொடுத்தார். அப்போதும் தெளிவாகவே இருந்தது. ஊகம் உறுதியாயிற்று.

அதே முயல்களை அறுத்துப் பார்த்தபோது மற்றொரு செய்தி தெரிந்தது. உணவிலுள்ள கொழுப்பைச் சுமந்து செல்லும் பால்நிறக் குழாய்கள், குடலின் தொடக்கத்தில் தோன்றாமல் சற்றுக் கீழே தள்ளியே தோன்றின. கணையத்தின் நாளம் முயலின் குடலில் வந்து சேரும் இடமும் அதுவே. எனவே கொழுப்பைச் செரிக்கச் செய்வதில் கணையநீருக்குப் பெரும் பங்கு உண்டு என்று மெய்ப்பித்தார். மேசையில் சிந்திய சில துளிகளிலிருந்து இத்துணை தூரம் சென்றது அவருடைய மனம்.

கல்லீரல் என்னும் கிடங்கு

இனி நாம் முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். சர்க்கரையைச் செடிகளே உண்டாக்கும், விலங்குகள் அதனை உண்டு அழிக்க மட்டுமே வல்லன என்பது அக்கால அறிஞர்களின் துணிபு. உண்ட சர்க்கரை உடலில் எவ்விடத்தில் அழிகின்றது என்று கண்டுபிடிக்கவே பெர்னார் புறப்பட்டார். 1848-இல், சர்க்கரை சிறிதும் இல்லாத இறைச்சி உணவை நாய்க்குக் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தார். கல்லீரலிலிருந்து இதயத்திற்குச் செல்லும் இரத்தத்தில் சர்க்கரை மிகுதியாக இருந்தது. உணவில் இல்லாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலே அதனை உண்டாக்கி அனுப்புகின்றது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

1855-இல் அவர் செய்த சோதனை இன்றும் வியக்கத்தக்கது. ஒரு கல்லீரலை எடுத்து, அதன் குழாய்களின் வழியே தண்ணீரைப் பாய்ச்சி, சர்க்கரையின் சுவடே இல்லாதபடி கழுவினார். பிறகு அதனை அப்படியே வைத்துவிட்டார். மறுநாள் சோதித்தபோது அதில் மறுபடியும் சர்க்கரை நிறைந்திருந்தது. அப்படியானால் கல்லீரலில் கழுவிப் போகாத ஏதோ ஒரு பொருள் சேமிப்பாக இருந்து, பின்னர்ச் சர்க்கரையாக மாறுகின்றது. 1857-இல் அப்பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவே கிளைக்கோஜன்.

நம்மில் பலருக்குச் சரக்குக் கிடங்கின் நடைமுறை தெரியும். வண்டி நிறைய வந்த சரக்கை நடைமேடையில் குவித்து வைத்தால் வழி அடைபடும். ஆகவே கிடங்கில் இறக்கி, கணக்கில் ஏற்றி, வேண்டியபோது வேண்டிய அளவே வெளியே விடுகின்றோம். கல்லீரல் செய்வதும் இதுவே. உணவு செரித்து வரும் சர்க்கரையைக் குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்கே கொண்டுவருகின்றது. மிகுதியைக் கல்லீரல் கிளைக்கோஜனாக மாற்றி இருத்திக்கொள்கின்றது. வளர்ந்த மனிதனின் கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம் அளவு இது தங்கும். இரவில் நாம் உறங்கும்போது அதனைச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகின்றது. நம் உடலின் 5 லிட்டர் இரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவே. அந்தத் தேக்கரண்டி குறையாமலும் வழியாமலும் இருப்பது இத்தகைய ஏற்பாட்டினால்தான்.

குளிரும் வெயிலும்

1851-இல் பெர்னார் வெப்பத்தைப் பற்றி ஆராய்ந்தார். முயலின் கழுத்து வழியே ஓடும் ஒரு நரம்பை வெட்டினால் அப்பக்கத்துக் காது குளிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தார். நடந்ததோ நேர்மாறு. காது சிவந்து, சூடேறிற்று. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் பெருகிப் பாய்ந்ததே காரணம். தாம் எதிர்பார்த்தது பொய்த்தபோது அதனை மறைக்காமல், அதுவே பெரிய உண்மை என்று பற்றிக்கொண்டார். இரத்தக் குழாய்களைச் சுருக்கவும் விரிக்கவும் நரம்புகளின் ஆட்சி உண்டு என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

வடபுலத்தில் வாழும் நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். மே மாதத்தில் 45 டிகிரி வெயில். ஜனவரி விடியற்காலையில் 5 டிகிரிக்கும் கீழே இறங்கும் குளிர். ஆயினும் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே நிற்கின்றது. குளிரில் தோலின் குழாய்கள் சுருங்கி வெப்பத்தை உள்ளே காக்கின்றன. அதனால்தான் விரல்கள் வெளுத்துச் சில்லிட்டுப் போகின்றன. வெயிலில் அவை விரிந்து வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. வியர்வை வெளிவந்து உலர்ந்து உடலைக் குளிர்விக்கின்றது. மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதி இவற்றையெல்லாம் மேற்பார்வை செய்கின்றது என்பது பெர்னாருக்குப் பின் வந்தவர்கள் கண்டறிந்தது.

மற்றொரு செய்தி நம் குடும்பங்களுக்கு நேரே பயன்படுவது. கரிப்புகையில் உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடு எவ்வாறு உயிரைக் கொல்கின்றது என்பதையும் விளக்கியவர் பெர்னாரே. அவ்வாயுவால் இறந்த விலங்கின் இரத்தம் எங்கும் செக்கச் சிவந்திருப்பதைக் கண்டார். அவ்வாயு, இரத்தத்தின் சிவப்பணுக்களில் உயிர்வாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு நீங்காமல் நிற்கின்றது என்று காட்டினார். உயிர்வாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாக அது பற்றிக்கொள்ளும் என்பது பிற்கால அளவை. இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். சுமக்க வேண்டிய பொருள் மட்டும் அதில் இராது. அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்கால இரவில் கதவையும் சன்னலையும் அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்துக்கொண்டு உறங்கும் வழக்கம் எத்தகைய கேட்டைத் தரும் என்பதை இதிலிருந்து ஒவ்வொரு வீட்டாரும் உணர்தல் வேண்டும்.

உள்ளே இருக்கும் குளம்

இவ்வாறு தனித்தனியே கண்டவற்றை ஒரு நூலில் கோத்த கருத்தே பெர்னாரின் பெருமை. அவர் காலத்தில்தான் எல்லா உயிரும் உயிரணுக்களால், அதாவது செல்களால், ஆனவை என்னும் உண்மை நிலைபெற்றது. ஜெர்மானிய அறிஞர் ஷ்லைடன் 1838-இல் செடிகளிலும், ஷ்வான் 1839-இல் விலங்குகளிலும் அதனைக் கூறினர். நோய் என்பதும் உயிரணுவில் விளையும் கோளாறே என்று விர்கோ 1858-இல் நிலைநாட்டினார். ஒரே உயிரணுவாகத் தொடங்கும் மனித உடல், வளர்ந்தபின் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்களைக் கொண்டதாகின்றது. ஒத்த உயிரணுக்கள் கூடித் திசுவாகின்றன. திசுக்கள் கூடி உறுப்பாகின்றன. உறுப்புகள் கூடி மண்டலங்களாகின்றன.

இங்கே பெர்னார் ஒரு கேள்வியை எழுப்பினார். குளத்து நீரில் வாழும் ஓரணு உயிர் தனக்கு வேண்டியதை நீரிலிருந்து நேரே எடுத்துக்கொள்கின்றது. நம் உடலின் ஆழத்தே கிடக்கும் ஓர் உயிரணு என்ன செய்யும்? அது காற்றைக் காணாது. உணவைத் தேடிப் போகாது. அதற்கும் ஒரு குளம் வேண்டும். அக்குளத்தை உடல் தனக்குள்ளேயே வைத்திருக்கின்றது. இரத்தத்தின் நீர்ப்பகுதியும், உயிரணுக்களைச் சூழ்ந்து நிற்கும் நீருமே அது. 70 கிலோ எடையுள்ள மனிதனிடம் உயிரணுக்களுக்கு வெளியே நிற்கும் இந்நீர் ஏறத்தாழ 15 லிட்டர். இதற்கு அவர் அகச் சூழல் என்று பெயரிட்டார். நாம் வாழ்வது புறச் சூழலில்; நம் உயிரணுக்கள் வாழ்வதோ அகச் சூழலில்.

நுரையீரல் உயிர்வாயுவைச் சேர்ப்பதும், குடல் உணவைச் சேர்ப்பதும், இதயம் ஓயாமல் இறைப்பதும், சிறுநீரகம் நாள்தோறும் 180 லிட்டர் அளவுக்கு வடித்து அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் கழித்து மற்றதைத் திருப்பி அனுப்புவதும் இந்த அகச் சூழலை ஒரே நிலையில் வைப்பதற்காகவே. நம் காலனியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வீட்டாரும் தமக்கெனத் தனிக் கிணறு வெட்டுவதில்லை. தனியே மின்சாரம் உண்டாக்குவதில்லை. நீர்த்தொட்டியும் மின்நிலையமும் துப்புரவுப் பணியாளரும் சேர்ந்து பொதுவான ஒரு சூழலைக் காக்கின்றமையால் ஒவ்வொரு வீடும் தன் வேலையைப் பார்க்கின்றது. ஒரு நாள் தண்ணீர் நின்றால் எல்லா வீடும் தவிக்கின்றது. உடலும் இவ்வாறே.

குளிர் வந்தால் தவளை ஒடுங்கிக் கிடக்கின்றது. வெளியுலகம் அதனை ஆள்கின்றது. அகச் சூழலை நிலையாக வைத்துக்கொள்ளும் உயிரோ வெளியே எது மாறினும் தன் தொழிலைச் செய்து திரிகின்றது. சுதந்திரமான வாழ்வுக்கு அகச் சூழலின் நிலைபேறே அடிப்படை என்பது பெர்னார் கண்ட முடிவு. இந்நிலைபேறு அசையாமை ஆகாது. ஒவ்வொரு நொடியும் கூடியதைக் குறைத்தும் குறைந்ததைக் கூட்டியும் உடல் செய்யும் ஓயாத உழைப்பின் பயன் அது.

வீட்டில் மூண்ட துன்பம்

வெளியுலகில் பெர்னாருக்குச் சிறப்புகள் குவிந்தன. 1854-இல் சோர்போனில் பேராசிரியரானார். விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினருமானார். மறு ஆண்டு மஜாந்தி மறைய, அவருடைய பீடம் பெர்னாருக்கு வந்தது. 1864-இல் மூன்றாம் நெப்போலியன் மன்னர் அவருடன் நெடுநேரம் உரையாடி மகிழ்ந்து, நல்ல ஆராய்ச்சிக் கூடங்கள் அமைத்துத் தரும்படி அமைச்சருக்கு ஆணையிட்டார். இடையே நோயுற்றுச் சொந்த ஊரில் ஓய்வு கொண்டிருந்தபோது எழுதிய, சோதனை மருத்துவத்திற்கு ஒரு முன்னுரையாக அமைந்த நூல் 1865-இல் வெளிவந்தது. நோயில் வாடிய அவரைத் தேற்றும் நோக்கத்தோடு லூயி பாஸ்டர் அவருடைய பணியைப் பாராட்டிச் செய்தித்தாளில் கட்டுரை எழுதினார். பெரியோர் இருவரிடையே நிலவிய அவ்வன்பு போற்றத்தக்கது.

ஆயின் வீட்டில் அமைதி இல்லை. உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பதை மனைவி பொறுக்கவில்லை. ஆண் குழந்தைகள் இளமையிலேயே இறந்தன. பெண்கள் இருவரும் தாயின் பக்கம் நின்றனர். தாயும் மக்களும் விலங்குகளைக் காப்பதில் முனைந்தனர். இறுதியில் கணவனும் மனைவியும் சட்டப்படி பிரிந்தனர். எந்தப் பெண்ணின் சீர்ப்பணம் ஆராய்ச்சியைக் காத்ததோ, அப்பெண்ணே அவ்வாராய்ச்சியைக் கண்டு மனம் வெந்தார் என்பது எண்ண எண்ண வருத்தம் தருவது.

யார் பக்கம் நியாயம் என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல இயலாது. மயக்க மருந்து 1846-இல்தான் அறுவைக்குப் பரவலாயிற்று. பெர்னாரின் தொடக்க காலச் சோதனைகள் அதற்கு முற்பட்டவை. பின்னரும் குராரே என்னும் நஞ்சினால் அசைவற்றுக் கிடந்த விலங்குகள் வலியை உணர்ந்திருக்கும் என்பது அவருக்கே தெரியும். ஆராய்ச்சியில் மூழ்கியவனுக்கு விலங்கின் அலறல் கேட்பதில்லை என்னும் கருத்தை அவரே எழுதிவைத்தார். ஃபானி அம்மையாருக்கு அந்த அலறல் கேட்டது. நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தேவையற்ற துன்பம் தரலாகாது, மயக்கம் தந்தே அறுக்க வேண்டும், வேறு வழி இருந்தால் விலங்கைத் தவிர்க்க வேண்டும் என்னும் நெறிகளை ஆராய்ச்சிக்கு வகுத்திருக்கின்றது. கணவரின் அறிவும் மனைவியின் இரக்கமும் அவ்வீட்டில் ஒன்றுபடவில்லை. பின் வந்த சட்டம் இரண்டுக்கும் இடம் தர முயல்கின்றது என்று கொள்ளலாம்.

மறைவும் பின் விளைந்தவையும்

பிற்காலத்தில் ஆண்டுதோறும் அறுவடைக் காலத்தில் சேன் ஜூலியான் சென்று தம் திராட்சைத் தோட்டத்தில் தங்குவது பெர்னாரின் வழக்கம். 1878-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பாரிஸில் உயிர் நீத்தார். அரசுச் செலவில் இறுதி மரியாதை நடத்தப்பெற்றது. பிரெஞ்சு நாட்டில் விஞ்ஞானி ஒருவருக்கு அத்தகைய சிறப்புச் செய்தது அதுவே முதல் முறை. மருந்துக் கடைப் பையனாக வாழ்வைத் தொடங்கியவருக்கு நாடு தலை வணங்கிற்று.

அவர் விட்டுச் சென்ற குறையைப் பின் வந்தோர் நிரப்பினர். கணையத்தையும் ஆராய்ந்தார், கல்லீரலையும் ஆராய்ந்தார். ஆனால் இரண்டுக்கும் உள்ள உறவு அவருக்குப் புலப்படவில்லை. கணையத்தை நீக்கிய நாய்க்கு நீரிழிவு வருவதை மின்கோவ்ஸ்கி, ஃபான் மெரிங் என்னும் இருவர் 1889-இல் கண்டனர். 1921-இல் கனடா நாட்டு டொரன்டோவில் பான்டிங், பெஸ்ட் ஆகியோர் கணையத்திலிருந்து இன்சுலினைப் பெற்றனர். இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது கணையம் இன்சுலினை விடுகின்றது. கல்லீரலும் தசைகளும் சர்க்கரையை உள்ளே வாங்குகின்றன. சர்க்கரை இறங்கும்போது குளுக்ககான் என்னும் வேறொரு சுரப்பு கல்லீரல் கிடங்கைத் திறக்கின்றது. இந்த ஏற்பாடு தளர்வதே நீரிழிவு. உடல் இவ்வாறு தன்னைத் தானே சமநிலையில் வைத்துக்கொள்ளும் திறனுக்கு அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1926-இல் ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயரிட்டார். பெயர் அவருடையது, வித்து பெர்னாருடையது.

நம் குடும்பங்களில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் உளர். உயிர் காக்கும் அம்மருந்து நம் கைக்கு வந்த வழியில் ஓர் ஈரமான நிலவறையும், உடைந்த ஒரு குடும்பமும், பெயரற்ற எத்தனையோ வாயில்லாப் பிராணிகளும் இருக்கின்றன. அதற்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றே. உள்ளே இரவும் பகலும் நடக்கும் அவ்வுழைப்பை மதித்து, நடத்தலையும் அளவறிந்து உண்ணலையும் மேற்கொண்டு, மருத்துவர் சொன்ன மருந்தைக் காலந்தவறாமல் உட்கொள்ள வேண்டும். ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து, பழகாத குளிரிலும் வெயிலிலும் பிழைக்கும் நமக்கு, நம் அகச் சூழலே நாம் உடன் கொண்டுவந்த முதற்பொருள். நம் பிள்ளைகளுள் ஒருவன் 26-ஆம் இடத்தில் தேறி வந்து தலை குனிந்து நின்றால், அவனை அருகில் அமர்த்திப் பெர்னாரின் கதையைச் சொல்லுங்கள். அவன் தங்கைக்கு ஃபானி அம்மையாரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.